வேர்மொழியில் மயிலாத்தாள்

வேர்மொழியில் வெறுமனே ‘வீடு’ என்று சொல்ல முடியாது. யாருடைய வீடு என்று முதலில் சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகு, அது இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா என்பதையும் கடைசியில் ஒட்டியாக வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அது ஒரு பெயர். ஒன்று குறைந்தாலும் இயந்திரத்தின் காதில் அது வெறும் இரைச்சல்.

இப்படி ஒரு மொழியை யார் பேசுவார்கள் என்று கேட்டால், மனிதர் யாரும் பேசுவதில்லை. படகு பேசும், பஸ் பேசும், ரேஷன் கடைக் கதவு பேசும், ஆஸ்பத்திரிக் கட்டில் பேசும். ஒவ்வொரு கம்பெனிக்காரனும் தன் இயந்திரத்துக்குத் தனியாக ஒரு பாஷை வைத்துக்கொண்டு, ஒன்று சொல்வது இன்னொன்றுக்குப் புரியாமல் நாடே சந்தைக்கடையாகக் கிடந்த காலத்தில், அரசாங்கம் ஆறு பேரைக் கோயம்புத்தூரில் ஒரு கட்டடத்தில் உட்காரவைத்து எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு மொழி கட்டச் சொன்னது. அவர்கள் உலகத்து மொழிகளில் நூற்றுநாற்பதை எடுத்துவைத்துக்கொண்டு பின்னோக்கிப் போனார்கள். ஆதியில் மனிதன் இப்படித்தான் கண்டதற்கெல்லாம் பெயர் வைத்திருப்பான் என்று ஊகித்து, அந்த ஊகத்தின் மேல் ஒரு மொழியைக் கட்டினார்கள். அதில் பெயர்ச்சொல் பகுதி முழுக்க, அந்த ஆறு பேரில் ஒருத்தியான நிறைமதியின் கைவேலை. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை இது. அதற்காக அவளுக்கு ஒரு சால்வையும் ஒரு கேடயமும் கொடுத்தார்கள்.

இன்றைக்கு அவள் ஆத்துப்புதூர் மேட்டுப் பள்ளிக்கூடத்தில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தாள். ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்து இரண்டு நாள் ஆகிறது. நாற்பது மீட்புப் படகுகள், ஒன்றிலும் ஓட்டுபவர் கிடையாது, தங்களுக்குள் வேர்மொழியில் பேசிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் வந்துகொண்டிருந்தன. அவற்றின் பேச்சை மேற்பார்வை பார்க்க வந்தவர்கள் மூன்று பேர். நிறைமதி ஒருத்தி. அவளுடைய மேலதிகாரி அருமைநாயகம், ஓய்வுபெற இன்னும் ஆறு மாதம் இருக்கிறவர். மூன்றாவது ரபியா, படகுகளைப் பார்த்துக்கொள்ளும் இளம் இன்ஜினியர், இவர்களோடு சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

மதியம் இரண்டு மணிக்குப் படகுகளின் தலைமை இயந்திரம் ஓர் அறிக்கை அனுப்பியது. அருமைநாயகம் அதைத் தமிழாக்கி வாசித்தார்.

“உரியவர் உள்ளோர் எல்லாரும் கரை சேர்ந்தாச்சு. உரியவர் தெரியாதோர் பத்தொன்பது பேரு, மில்லு மாடியில நிக்காங்க. வரிசையில கடைசி. சரி, மில்லு மாடி நல்ல உயரம். நாலு மணிக்கு அணையைத் தொறந்தாலும் அங்க தண்ணி ஏறாது. ஆறு மணிக்கு மீனவர் படகு வருது, அவங்க கூட்டியாந்துருவாங்க.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “விடுபட்டவர் யாரும் இல்ல. கலெக்டருக்குச் சொல்லிரலாம்.”

“அவங்களும் மனுசங்கதானே சார், ஏன் கடைசி?” என்றாள் ரபியா.

“வேர்மொழியில மனுசனுக்குத் தனியாப் பேர் நிக்காதும்மா. இன்னாரோட மகள், இன்னாரோட தம்பின்னு உறவு ஒட்டு போட்டாத்தான் பேரு முழுசாகும். அந்தப் பிள்ளைங்க ஒடிசாவுல இருந்தும் ஜார்கண்டுல இருந்தும் மில்லு ஏஜெண்டு கூட்டியாந்தது. நம்ம குடும்பப் பதிவுல எந்தக் கிளையிலயும் இல்ல. பேரு முடியாத ஆளைப் படகு கடைசியாத்தான் எடுக்கும்.”

“அப்ப ஆடு மாடெல்லாம் முன்னாடியே வந்துருச்சே?”

“அதுக்கு உடைமை ஒட்டு. உறவு ஒட்டு ரெண்டு பக்கமும் பிடிக்கும். நான் உனக்கு அண்ணன்னா நீ எனக்குத் தங்கச்சி. உடைமை ஒட்டு ஒரு பக்கம்தான். ஆடு என்னுது, நான் ஆட்டோடது இல்ல.” அவருக்கே அது வேடிக்கையாக இருந்தது போலும், சிரித்தார். “எல்லாம் நம்ம மதி செஞ்ச ஏற்பாடு.”

நிறைமதி சிரிக்கவில்லை. கரை சேர்ந்தோர் பட்டியலை அவள் காலையிலிருந்து நாலு தடவை மேலும் கீழும் தேடிவிட்டாள். ஆத்துப்புதூர் மூன்றாம் தெருவில் அவளுடைய அம்மா குடியிருந்தாள். மில் விடுதியில் சமையல் வேலை. இதை அவள் உடன் வந்த இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. முப்பத்து மூன்று வருஷமாக அம்மாவைப் பற்றி யாரிடமும் பேசியதே இல்லை.

“அக்கா, இருபத்தேழாம் படகைக் கொஞ்சம் பாருங்களேன்” என்று ரபியா திரையைத் திருப்பினாள். “கேமராவுல ஏதோ கோளாறுன்னு நெனைக்கிறேன்.”

கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. படம் பளிச்சென்று இருந்தது. ஒரு தாழ்ந்த மொட்டைமாடி, விளிம்புக்கு இரண்டு முழம் கீழே செம்மண் நிறத்தில் தண்ணீர். மாடியில் இரண்டு ஆடுகள். அவற்றோடு ஒரு வயதான பெண், பச்சைச் சேலையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு நின்றாள். படகு வந்து அணைந்தது. அவள் முதல் ஆட்டைத் தூக்கிப் படகில் விட்டாள். இரண்டாவதையும் விட்டாள். பிறகு தானும் ஒரு காலைத் தூக்கி வைக்கப் போனாள். படகு மெதுவாக, மரியாதையாக, ஒரு முழம் பின்வாங்கியது. அவள் மறுபடி எட்டினாள். அது மறுபடி பின்வாங்கியது. பிறகு ஆடுகளோடு திரும்பிப் போய்விட்டது.

“இதே மாதிரி காலையில இருந்து ஆறு படகு” என்றாள் ரபியா. “அந்தம்மா இருக்காங்கன்னே அதுங்களுக்குத் தெரியல.”

“தெரியுது” என்றாள் நிறைமதி. படகு அனுப்பியிருந்த குறிப்பை அவள் ஏற்கெனவே வாசித்துவிட்டாள். அதில் மூன்றே சொற்கள் இருந்தன. மூன்றாம் தெரு. மயிலாத்தாள். போனவள்.

போனவர்களை எடுக்க வேறு படகு உண்டு. கறுப்புத் தார்ப்பாய் விரித்த படகு. அது நாளைக் காலையில்தான் வரும். மயிலாத்தாளுக்கு அதில் இடம் ஒதுக்கியாகிவிட்டது என்று குறிப்பின் கடைசியில் இருந்தது.

“சார்” என்றாள் நிறைமதி. “அது எங்க அம்மா.”

அருமைநாயகத்தின் கையிலிருந்த கண்ணாடி அப்படியே நின்றது. அவருக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் வாரா வாரம் வாயில் போட்டு மென்ற பெயர்.

மொழி கட்டிய நாட்களில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு பேரும் டீயும் மசால்போண்டாவுமாக உட்கார்ந்து எடுத்துக்காட்டு வாக்கியங்கள் எழுதுவார்கள். இயந்திரம் மொழி பழகுவதற்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். இருக்கிறது என்கிற வாக்கியங்களுக்குப் பஞ்சமே இல்லை. அருமைநாயகத்தின் மகள் இருக்கிறாள், பக்கத்து மேசைக்காரரின் ஸ்கூட்டர் இருக்கிறது என்று ஒருவரையொருவர் கேலி பண்ணிக்கொண்டே ஒரு சாயங்காலத்தில் இருநூறு எழுதிவிடுவார்கள். போனது என்று எழுதும் இடம் வந்ததும் பேனா நின்றது. உயிரோடு இருக்கிற ஒருத்தர் பெயரைப் போட்டு ‘போய்விட்டார்’ என்று எந்தக் கையால் எழுதுவது? வீட்டைவிட்டுக் கிளம்பும்போதுகூடப் போகிறேன் என்று சொல்லாத ஜனம். ஆறு பேரும் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள்தான், ஆனாலும் மாட்டேன் என்றுவிட்டார்கள். செத்தவர்கள் பெயரைப் போடலாம் என்றால் அதுவும் யாருக்கோ அப்பா, யாருக்கோ அண்ணன். கடைசியில் அருமைநாயகம்தான் ஒரு வழி சொன்னார். நம்மில் யார் வீட்டிலும் இல்லாத ஒரு பெயரைச் சொல்லுங்கள், எல்லாப் போனதுகளையும் அதன் தலையில் கட்டிவிடலாம்.

மயிலாத்தாள் என்று சொன்னது நிறைமதி. உங்கள் வீட்டில் யாரும் இல்லையே என்று கேட்டார்கள். இல்லை என்றாள். ஒன்பது வயதில் தன்னை அப்பா வீட்டிலேயே விட்டுவிட்டு, ஒரு காலைப்பொழுதில் துணிப்பையோடு பஸ் ஏறிப்போன அம்மாவைப் பற்றி அதற்குமேல் சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை. அப்பா கைநீட்டுகிறவர் என்பதும், அம்மாவின் காது ஒன்று கேட்காமல் போனது அந்தக் கையால்தான் என்பதும் அவளுக்கு இருபது வயதுக்கு மேல்தான் புரிந்தது. புரிந்த பிறகும் கோபம் போகவில்லை. அன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னபோது உள்ளே ஏதோ ஒன்று குளிர்ந்தது என்பதுதான் நிஜம். அறுநூற்றுச் சொச்சம் வாக்கியங்களில் மயிலாத்தாள் போனாள். இயந்திரங்கள் அதை அடிவேரிலேயே கற்றுக்கொண்டன.

அதன் பலன் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால், எங்கிருந்தோ எண்ணைத் தேடிப் பிடித்து மயிலாத்தாள் அவளுக்குப் போன் பண்ணினாள். தான் ஆத்துப்புதூரில் இருப்பதைச் சொல்லி, தயங்கித் தயங்கிப் பேசினாள். “பஸ்ஸுக் கதவு எனக்கு மட்டும் தொறக்க மாட்டேங்குது கண்ணு. ரேசன் கடையிலயும் அப்படியேதான். ரெண்டு மூணு வருசமா இந்த ரோதனை. நீ அந்த ஆபீசுலதான இருக்கறே, சித்தெ என்னன்னு கேட்டுச் சொல்லறியா?” பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள் நிறைமதி. என்ன ஆகியிருக்கும் என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு அவள் பார்க்கவும் இல்லை, திரும்பக் கூப்பிடவும் இல்லை.

இதையெல்லாம் அவள் இப்போது இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்தாள். ரபியா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“மாத்த முடியாதா?”

“வேரை மாத்தி எல்லா இயந்திரத்துக்கும் பழக்க நாப்பது நாள் ஆகும்.”

“மீனவர் படகு?”

“ஆறு மணி” என்றார் அருமைநாயகம். “அணை நாலுக்குத் தொறக்காங்க. அந்த மாடிக்கு நாலரைக்கு மேல...” வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. இப்போதும் அவருக்கு அந்த வாக்கியம் வரவில்லை.

திரையில் மயிலாத்தாள் மாடியின் நடுவே குந்தி உட்கார்ந்து, தலைமுடியை அவிழ்த்துப் பிழிந்துகொண்டிருந்தாள். மணி இரண்டு ஐம்பது.

நிறைமதி எழுந்தாள். “சார், ஆட்டை எடுத்துச்சு இல்லீங்களா?”

“ஆமா.”

“உடைமைக்குப் பேர் வேண்டாம். இன்ன இடத்துல இருக்கற என் பொருள்னு சொன்னாப் போதும். மயிலாத்தாள்னு சொல்லவே வேண்டாம். மூணாம் தெரு மொட்டைமாடியில இருக்கறது நிறைமதியோட பொருள். அவ்வளவுதான்.”

அருமைநாயகம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். மனித உருவம் உடைமை ஒட்டை ஏற்கக் கூடாது என்று வேர்மொழியில் ஒரு பூட்டு உண்டு. நிறைமதிதான் வாதாடிப் போட்டாள். ஆதிமொழிகள் எதிலும் அப்படி ஒரு பூட்டு இருந்ததாகத் தெரியவில்லை, அதனாலேயே நாம் போட வேண்டும் என்று அன்றைக்கு மேசையைத் தட்டிப் பேசினாள். அவளுக்குக் கேடயம் கொடுத்தபோது வாசித்த பாராட்டுரையில் முதலில் சொன்னதே அதைத்தான்.

“அது ஒருத்தருக்கு மட்டும் தொறக்காது மதி. தொறந்தா இந்த வெள்ளப் பகுதி முழுக்கத் தொறக்கும்.”

“நாப்பது நிமிஷம் சார். அம்மா கரையேறுனதும் பூட்டிரலாம்.”

“நாம எதுக்கு அதைப் போட்டோம்னு...”

“எங்க அம்மா சார்.”

அவர் நல்ல மனுஷர். அதுதான் வினை. பூட்டைத் திறக்க இரண்டு பேருடைய விரல்கள் வேண்டும். அவர் தன் விரலை வைத்தார், அவளும் வைத்தாள். பிறகு உடைமை கோரும் பக்கத்தில் அவள் எழுதினாள். உரியவர், நிறைமதி. பொருள், ஒன்று. நிலை, உள்ளது.

இருபத்தேழாம் படகு திரும்பியது. பதினைந்து நிமிஷத்தில் மாடியில் அணைந்தது. இந்த முறை அது பின்வாங்கவில்லை. மயிலாத்தாள் அதன் குரலைக் கேட்பவளைப் போல நல்ல காதைத் திருப்பி நின்றாள். முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு ஏறினாள். படகின் இரும்புக் கை ஒன்று நீண்டு அவள் தோளில் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டியது. நிறைமதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரபியா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அருமைநாயகம் ஜன்னல் பக்கம் போய்க் காரணமில்லாமல் இருமினார்.

ரபியாதான் முதலில் பார்த்தாள்.

“அக்கா, இன்னும் கோரிக்கை வருது.”

உடைமை கோரும் பக்கம், பூட்டுத் திறந்த நிமிஷத்திலேயே, வெள்ளப் பகுதியில் உரியவர் இல்லாமல் இருந்த உயிர்களையெல்லாம் இடம் வாரியாகக் காட்டத் தொடங்கிவிட்டது. அதன் வேலையே அதுதான். மாடு தொலைத்தவனுக்கு மாட்டைக் காட்ட வேண்டாமா? அதைப் பார்த்துக் கோரியது மனிதர் யாரும் இல்லை. மில்லின் பொருள் பதிவு இயந்திரம் கோரியிருந்தது. மில் வளாகத்துக்குள் இருக்கிற எதற்கும் வேறு உரியவர் இல்லையென்றால் அது மில்லுக்கே உரியது என்று அதற்குச் சொல்லிவைத்திருந்தார்கள். நூல் கட்டு, பஞ்சுப் பொதி, கைவண்டி. இப்போது அது பத்தொன்பது கோரிக்கைகளை ஒரே மூச்சில் அனுப்பியிருந்தது. பொருள், ஒன்று. நிலை, உள்ளது. சேர வேண்டிய இடம், மேற்குக் கரையில் மில்லின் சரக்குக் கிட்டங்கி.

“மூணு படகு மில்லுக்குத் திரும்பிருச்சு” என்றாள் ரபியா. “ஒம்பது நிமிஷத்துல அங்க நிக்கும். அக்கா, அந்த மில்லு எதுன்னு தெரியுமா? போன வருசம் ரெண்டு பொண்ணுங்க காம்பவுண்டு சொவரேறிக் குதிச்சு, காலை ஒடிச்சுக்கிட்டு வந்தாங்களே, பேப்பர்லகூட வந்துச்சே. அதுதான். வெளிய விடவே மாட்டாங்களாம். இப்பத் தண்ணி வந்ததாலதான் அதுங்க மாடிக்கே வந்திருக்குதுங்க. பூட்டுங்க அக்கா. ஆறு மணிக்கு மீனவருங்க வந்து கூட்டிக்குவாங்க.”

நிறைமதி பூட்டு விசையின் பக்கம் கையைக் கொண்டுபோனாள். பூட்ட ஒரு விரல் போதும்.

“அம்மா எங்க இருக்காங்க?”

ரபியா திரையைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மாறியது. “நடு ஆத்துல. கரைக்கு இருபத்திரண்டு நிமிஷம்.”

“இப்பப் பூட்டுனா படகு என்ன செய்யும்?”

அருமைநாயகம் ஜன்னலிலிருந்து திரும்பாமலே சொன்னார். “மனுச உருவம் உடைமையா இருக்கக் கூடாது. தப்பா ஏத்துன சரக்கை எந்த இடத்துல தெரியுதோ அங்கயே இறக்கிரும்.”

எட்டு நிமிஷம். கையை விசையின் மேல் வைத்தபடியே நிறைமதி நின்றாள். அழுத்துவதற்காக வைத்திருக்கிறாளா, யாரும் அழுத்திவிடக் கூடாது என்று மூடியிருக்கிறாளா என்பது அவளுக்கே தெரியவில்லை என்று சொன்னால் அது பொய். அவளுக்குத் தெரியும். உள்ளங்கையை அகல விரித்து அந்த விசையை முழுக்க மூடியிருந்தாள்.

“அக்கா, பத்தொம்பது பேரு அக்கா.”

“தெரியுது ரபியா.”

“அதுங்களையும் யாரோ பெத்திருப்பாங்கள்ல.”

“தெரியுதுன்னு சொன்னேன்ல!”

ரபியா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். நிறைமதி மற்றக் கையால் அவளைத் தள்ளிவிட்டாள். பெஞ்சு சாய்ந்து விழுந்தது. ரபியா கீழே உட்கார்ந்தபடி அருமைநாயகத்தைப் பார்த்தாள். “சார், நீங்களாவது சொல்லுங்க சார்.” அவர் இன்னும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மில் மாடியில் மூன்று படகுகளும் அணைந்தன. பெண்கள் ஏறவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியை ஒட்டிக் கும்பலாக நின்றார்கள். ஒருத்தி படகைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நிறைமதிக்கு மூச்சு வந்தது. ஏறாதீங்க, அப்படியே நில்லுங்க என்று அவள் வாய்விட்டே சொன்னாள். ஏறாத சரக்கைப் படகு வற்புறுத்தி ஏற்றாது. அப்படியே இன்னும் பதின்மூன்று நிமிஷம் நின்றுவிட்டால் எல்லோரும் தப்பித்தார்கள், அவள் அம்மா உள்பட.

அப்போது இருபத்தேழாம் படகு மில்லைக் கடந்தது. கரைக்கு வருகிற வழி அதுதான். படத்தில் ஒலி கிடையாது. மயிலாத்தாள் படகில் எழுந்து நின்று, மாடியைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டுவது தெரிந்தது. தினமும் சோறு போட்ட பிள்ளைகள், போய்வருகிறேன் என்கிறாள் போலிருக்கிறது என்று நிறைமதி நினைத்தாள். படகு கடந்துபோயிற்று.

மாடியில் முதலில் ஒருத்தி ஏறினாள். பிறகு இரண்டு பேர். பிறகு எல்லோரும். ஒவ்வொருத்தி தோளிலும் இரும்புக் கை ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டியது.

மூன்று படகுகளும் ஆறு நிமிஷத்தில் மேற்குக் கரையைத் தொட்டன. பொருள் உரியவரிடம் சேர்ந்தது என்று பத்தொன்பது வரிகள் திரையில் ஏறின. அதற்கும் ஏழு நிமிஷம் கழித்து இருபத்தேழாம் படகு மேட்டுப் பள்ளியின் கீழே வந்து நின்றது. நிறைமதி கையை எடுத்து, ஒரு விரலால் விசையை அழுத்திப் பூட்டினாள்.

“போலீசுக்குச் சொல்லு” என்றாள்.

ரபியா ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது பெண்களைக் காணவில்லை என்று காவல்துறையின் இயந்திரத்துக்கு எழுதினாள். பொருள் உரியவரிடம் இருக்கிறது, புகாருக்கு இடமில்லை என்று பதில் வந்தது. ஆள் கடத்தல் என்று எழுதினாள். அதே பதில். மனிதர் யாரிடமாவது பேச வேண்டும் என்று கேட்டு, அரைமணி நேரம் காத்திருந்து, ஒரு சப் இன்ஸ்பெக்டரைப் பிடித்தாள். பாலம் போய்விட்டது, மேற்குக் கரைக்கு ஆள் அனுப்ப மூன்று நாள் ஆகும் என்றார் அவர். கிட்டங்கியிலிருந்து மூன்று லாரிகள் கிளம்பிவிட்டதைத் திரை காட்டியது. லாரிகளிலும் ஓட்டுபவர் கிடையாது.

“சேர்ந்து முடிஞ்ச உடைமையைப் பூட்டு தொடாது, அப்படித்தானே சார்?” என்று கேட்டாள் ரபியா. அருமைநாயகம் தலையை மட்டும் அசைத்தார். “அப்ப உங்க அம்மாவும் இனி உங்க பொருள்தான்” என்றாள் நிறைமதியைப் பார்த்து. பிறகு பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நிறைமதி படிகளில் இறங்கினாள். மயிலாத்தாள் கரையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, காலில் ஒட்டிய சேற்றை ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாகிவிட்டாள். மகளைப் பார்த்ததும் எழுந்தாள். முப்பத்து மூன்று வருஷம் நடுவில் நின்றதால் இரண்டு பேருக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிறகு மயிலாத்தாள்தான் ஈரக் கையால் மகளின் கன்னத்தைத் தொட்டாள்.

“நரை வந்திருச்சே கண்ணு உனக்கு.”

“அம்மா.”

“காலையில இருந்து எந்தப் படகும் என்னைய ஏத்திக்கல. நாஞ் செத்தவளுன்னே முடிவு பண்ணிட்டேன். கடைசியா வந்த படகு பேசுச்சு. இது நிறைமதியோடதுன்னு சொல்லுச்சு. ரெண்டு தடவை சொல்லுச்சு.” அவள் உதடு கோணியது. “உன்னைய வுட்டுப்போட்டு வந்தவ நானு. அப்படியும் என்ற புள்ள என்னைய அவளோடதுன்னு சொல்லிப்போட்டாளேன்னு அழுதுபோட்டேன் போ.”

நிறைமதி அம்மாவின் தோளில் இருந்த மஞ்சள் சீட்டை மெதுவாக உரிக்கப் பார்த்தாள். அது சேலையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

மயிலாத்தாள் அவளைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துப் படிகளைப் பார்த்தாள். வராந்தாவைப் பார்த்தாள். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“மில்லுப் புள்ளைக எங்க கண்ணு? எனக்கு முன்னாலயே வந்திருக்கோணுமே.”

“எந்தப் புள்ளைங்கம்மா?”

“அதுதான் கண்ணு, மாடியில நின்னாளுகளே. ஏறவே மாட்டேன்னு பயந்துட்டு நின்னாளுக. நாந்தான் சத்தம் போட்டேன். பயப்படாம ஏறுங்கடி, இது என்ற புள்ள அனுப்புன படகுன்னு.” மறுபடியும் ஜன்னல்களைப் பார்த்தாள். “பசியோட இருப்பாளுக. எங்க உக்கார வச்சிருக்கறே?”